நிழல் இல்லாத நாலாவது ஆள்

பிள்ளைகளே, சென்ற வாரம் துஷா தொலைபேசியில் அழைத்தாள். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுதுபார்க்கும் நம் கூடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இப்போது நீங்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். நான் சேர்ந்தபோது நான் ஒருவன்தான். ஓய்வு பெற்றபோதும் நான் ஒருவன்தான். இந்த மூன்று என்ற எண் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் துஷா சொன்ன செய்தி தரவில்லை.

"அங்கிள், வெஸ்டர்ன் சிட்னி சேர்ச் ஒண்டில இருந்து ஒரு பெயின்டிங் வந்திருக்கு. ஃபிரெஞ்ச், செவன்டீன்த் சென்ச்சுரி. எம்மாவு சப்பர். பின்னுக்கு உங்கட இனிஷியல்ஸ் இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அந்தப் பொம்பிளை இன்னும் நிக்கிறாவோ?"

"எந்தப் பொம்பிளை? ஓ, அந்த சேர்வன்ட்! அது லேட்டர் அடிஷன் அங்கிள். எக்ஸ்ரே பார்த்த உடன தெரிஞ்சிட்டுது. புது ஃபாதர் எடுக்கச் சொல்லிட்டார். அடுத்த மாசம் தொடங்கிறம்."

போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. பிறகு மேசையில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். அந்தப் பெண்ணை எடுக்காதீர்கள் என்று சொல்வதற்காக அல்ல. எடுக்கலாமா கூடாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எடுப்பதற்கு முன் நீங்கள் மூவரும் இதை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

படத்தை இப்போது நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். இருந்தாலும் நான் எண்ணியதைச் சொல்கிறேன். உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு என்ற ஊரில் இரண்டு சீடர்களோடு மேசையில் இருக்கிறார். அப்பத்தைப் பிட்கும்போதுதான் அவர் யார் என்று அவர்களுக்குத் தெரிகிறது. மேசையில் தட்டுகள் இரண்டு, அப்பம் ஒன்று, கத்தி ஒன்று. மெழுகுதிரி கண்ணுக்குத் தெரியாது. வலப்பக்கச் சீடரின் கைக்குப் பின்னால் அது மறைந்திருக்கிறது. வெளிச்சம் மட்டும் முகங்களில் விழுகிறது. வலது ஓரத்தில், உள்ளறைக் கதவடியில், தண்ணீர்க் கூசாவைப் பிடித்தபடி ஒரு பெண் நிற்கிறாள். விரல்களை எண்ணினால் மொத்தம் இருபத்திரண்டு தெரியும்.

முதல் நாள் நான் எண்ணியது விரல்களை அல்ல, நிழல்களை. ஆட்கள் நாலு. சுவரில் விழுந்த நிழல் மூன்று. மூன்றாவது நிழலும் அந்தப் பெண்ணின் பாவாடையை நெருங்கியதும் கத்தரித்தது போல நின்றுவிட்டது.

அது 1996. என் மேலதிகாரி பிரான்ஸில் பிறந்த ஒரு பெண்மணி. அவர் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை, அவரும் விரும்பமாட்டார். எல்லோரும் மதாம் என்போம். காலையில் கூடத்துக்குள் வந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "பொன்ஜூர்" சொல்லிக் கைகொடுப்பார். ஆறு பேர் இருந்தால் ஆறு கைகள். அதற்கு முன் யாராவது வேலை விஷயம் பேசினால் காது கேளாதவர் போல நிற்பார். பன்னிரண்டரைக்கு எல்லோரும் மேசைவிரிப்புப் போட்ட மேசையில் இருந்து சாப்பிட வேண்டும். சேர்ந்த புதிதில் நான் ஒருநாள் கழுவுதொட்டியடியில் நின்றபடியே சாண்ட்விச் தின்றேன். "குதிரைதான் நின்று தின்னும்" என்றார். அவமானத்தில் பாதியை எறிந்துவிட்டேன்.

அந்தக் காலத்து பிரெஞ்சு ஓவியத்தை எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். நான் இரசாயனம் படித்தவன். படங்களில் எனக்குத் தெரிந்தது நிறப்பொடிகள் மட்டும். "பதினேழாம் நூற்றாண்டில் ரோமாபுரிக்காரன் வானம் முழுவதையும் ஆட்களால் நிரப்பினான்" என்பார். "எங்கள் ஓவியன் அதைப் போய்ப் பார்த்தான், கற்றான், திரும்பி வந்தான். வந்து ஒவ்வோர் ஆளாக வெளியே அனுப்பினான். இனி ஒருவரையும் அனுப்ப முடியாது என்ற இடத்தில் நிறுத்தினான். அரசவையில் எங்கே நிற்க வேண்டும், எத்தனை அடி வைக்க வேண்டும் என்று விதி இருந்த நாடு அது. படத்திலும் காரணம் இல்லாமல் ஒருவரும் நிற்க முடியாது." அதே நூற்றாண்டில் தூணும் முகிலும் தேவதூதர்களுமாகப் படத்தை நிறைத்த பிரெஞ்சுக்காரர்களும் இருந்தார்களே என்று ஒருமுறை கேட்டேன். இருந்தார்கள் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் முகம் சுளித்தார்.

ஆகவே நிழல் இல்லாத அந்தப் பெண்ணை அவர் பார்த்த பார்வையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அழைக்காத விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். எக்ஸ்ரேயில் அவள் இருந்த இடத்தில் வெறும் சுவர் தெரிந்தது. அவளுடைய சட்டையின் வெள்ளையை நான் சோதித்தேன். துத்தநாக வெள்ளை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிக்கு முன் எந்த ஓவியனும் அதைத் தொட்டதில்லை. படத்தை இங்கே கொண்டுவந்த பிரெஞ்சுத் துறவிகளில் ஒருவரோ அவர்கள் கூலிக்குப் பிடித்த ஒருவரோ, மூன்று ஆண்கள் மட்டும் இருந்த இடத்தில் இவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஏன் என்று தெரியாது.

பாவாடையின் ஓரத்தில் தபால்தலை அளவு இடத்தை மட்டும் துடைத்துப் பார்த்தேன். மேல் நிறம் சுலபமாக வந்தது. அடியில் சுவர். தேன் நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல், அதன்மேல் சீடரின் நிழல் மெல்லக் கரைந்து போய்க்கொண்டிருந்தது. மதாம் குனிந்து பார்த்தார். "இவளை அனுப்பிவிடலாம்" என்றார்.

அவளை அகற்ற மூன்று கிழமை வேண்டும். உயிர்ப்பு ஞாயிறுக்கு நாலு கிழமை இருந்தது. எம்மாவுக் கதையை வாசிக்கும் அந்தக் காலத்தில் படம் சுவரில் இருக்க வேண்டும் என்று அந்தத் தேவாலயத்தின் அப்போதைய ஃபாதர் கேட்டிருந்தார். பெண் பிற்காலத்தவள் என்பதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. மதாமின் விதி அது: "பாதி முடிவை உரிமையாளரிடம் சொல்லாதே." அந்த வெள்ளிக்கிழமை ஃபாதர் படத்தைப் பார்க்க வருவார், அன்றைக்கே சொல்லி, அன்றைக்கே ஒப்புதல் வாங்கி, திங்கட்கிழமை தொடங்குவது. இதுதான் திட்டம்.

அதற்கு முன்பிருந்தே எனக்கு இன்னொரு குழப்பம். பெண்ணின் காலடியில், உள்ளங்கை அளவுக்குப் பிசுபிசுப்பான ஒரு படலம். வார்னிஷ் அல்ல, மெழுகும் அல்ல. பல்கலைக்கழகத்தில் தெரிந்த ஒருவரிடம் மாதிரியைக் கொடுத்தேன். லோரிக் அமிலம் அதிகம் என்று சொன்னார். அது சவர்க்காரத்தில் இருக்கும். பழைய காலத்தில் யாரோ சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுச் சரியாக அலசவில்லை என்று முடிவு கட்டினேன். அந்த முடிவோடு இரண்டு கிழமை மிகவும் பெருமையாகத் திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை ஃபாதர் தனியாக வரவில்லை. கூடவே ஒரு தமிழ்ப் பெண்மணி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஈயத்தாள் மூடிய பெரிய தட்டம். அவர் பெயர் ஜெசிந்தா என்றும், தேவாலயத்தின் பங்குச் சபையில் இருப்பவர் என்றும், கூட்டிக்கொண்டு போகாவிட்டால் காருக்கு முன்னால் நின்றிருப்பார் என்றும் ஃபாதர் சிரித்துக்கொண்டே சொன்னார். மதாம் "பொன்ஜூர்" என்று கையை நீட்டினார். ஜெசிந்தா அக்கா அந்தக் கையில் தட்டத்தை வைத்தார்.

"இருபத்தினாலு ரோல்ஸ். மீன். சூடாறமுந்திச் சாப்பிடச் சொல்லுங்கோ தம்பி. தம்பி யாழ்ப்பாணமோ?"

"ஓம் அக்கா. கோண்டாவில்."

"அப்ப வேதமில்லை, சைவசமயம். பரவாயில்லை."

இரசாயனங்கள் இருக்கும் அறைக்குள் சாப்பாடு வரக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதிய மதாமே தட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் நடந்ததைத் தடுக்க முடியவில்லை. ஜெசிந்தா அக்கா நேரே படத்தடிக்குப் போனார். தலைமயிரைக் கையால் ஒதுக்கிவிட்டு, அதே கையால் அந்தப் பெண்ணின் காலைத் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

"நோன்!" என்று மதாம் பிரெஞ்சில் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எனக்கோ வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தேங்காயெண்ணெய். லோரிக் அமிலம் தேங்காயெண்ணெயில்தான் நிறைய இருக்கிறது. தலைக்கு அதையே வைத்து வளர்ந்த நான், இரசாயனம் படித்த நான், இரண்டு கிழமையாகச் சவர்க்காரம் தேடியிருக்கிறேன்.

"அந்தக் காலடியை நீங்கள் மட்டுமோ தொடுறனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஏன், தொடக்கூடாதோ? நாங்கள் ஒரு பதினைஞ்சு பேர் இருப்பம். பூசை முடிய வரிசையில நிண்டு தொட்டுப்போட்டுத்தான் போறது. குசினியில நிண்டு சமைச்சுப் போடுறவதானே, குசினியம்மா எண்டால் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும்."

"நடுவில ஆண்டவர் இருக்கிறாரே அக்கா."

"அவர் பெரிய ஆள் தம்பி. அவருக்கு உலகம் முழுக்க அலுவல். இஞ்ச பாருங்கோ, மூண்டு ஆம்பிளையளும் கதிரையில இருந்து சாப்பிடுகினம். ஒருத்தராவது திரும்பிப் பார்த்து, நீ சாப்பிட்டியோ எண்டு விசாரிச்சவையோ? இவ நிண்டுகொண்டே நிக்கிறா. வீட்டில நாங்களும் அப்பிடித்தானே. இவவுக்குச் சொன்னால் விளங்கும்."

ஃபாதரும் மதாமும் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார்கள். ஜெசிந்தா அக்கா என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இவவுக்கு என்ன செய்யப் போறியள்?"

"தெரியாது அக்கா."

"தெரியாதோ? சொல்ல விடமாட்டினமோ?"

அதற்குள் அவர் படத்தில் பாவாடை ஓரத்தில் நான் திறந்த சின்னச் சதுரத்தைக் கண்டுவிட்டார். விரலை நீட்டினார். ஆனால் இந்தத் தடவை தொடவில்லை.

"சரி. நான் சொல்லுறன், கேளுங்கோ. என்ர மகள் வன்னியில சண்டைக்குள்ள நிக்கிறாள். ஸ்பொன்சர் அலுவல் எல்லாம் இஞ்ச சரி. அங்கால வெளியில வர பாஸ் கிடைக்கேல்லை. ஒரு வருசமா ஒரு சத்தமும் இல்லை. அவள் வந்து இறங்குமட்டும் நான் இருந்து சாப்பிடமாட்டன் எண்டு இவவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். நிண்டுகொண்டுதான் சாப்பிடுறன், காலமையும் இரவும். நீங்கள் படிச்ச ஆக்கள். இவவைக் கழுவத்தான் வேணுமெண்டால் கழுவுங்கோ, உங்கட தொழில். ஆனா எனக்குச் சொல்லிப்போட்டுக் கழுவுங்கோ. நான் நேர்த்தியை வேற ஆளிட்ட மாத்த வேணும். மாத்தமுந்தி இவ இல்லாமல் போனால் பிள்ளையின்ர அலுவல் அந்தரத்தில நிண்டிடும்."

"என்ன சொல்கிறார்?" என்று மதாம் கேட்டார்.

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நான் எடுத்த முடிவுகளில் மிகவும் சிறியதும் மிகவும் நீளமானதும் இதுதான். "படத்தைக் கவனமாகக் கையாளும்படி கேட்கிறார்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. மதாம் தலையாட்டியிருப்பார், ஃபாதர் ஒப்புதல் கொடுத்திருப்பார், திங்கட்கிழமை வேலை தொடங்கியிருக்கும். பாதி முடிவை வெளியே விட்ட பழியும் எனக்கு வந்திருக்காது. அந்த நேரம் நான் செய்தது மேசையில் இருந்த பஞ்சுக் குச்சிகளை எண்ணியதுதான். பதினொன்று. பிறகு முழுவதையும் சொன்னேன். குதிரைப் பேச்சு நினைவில் இருந்ததால் நின்று சாப்பிடும் பகுதியில் மட்டும் குரல் இறங்கிவிட்டது.

மதாமின் முகம் அந்தப் பகுதியில்தான் மாறியது.

"நின்றா? ஒரு வருஷமாக? ஒவ்வொரு நேரமுமா?"

நேர்த்தி என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். அவர் பிறந்த ஊர்த் தேவாலயத்தில் சுவர் முழுவதும் சின்னச் சின்னப் பளிங்குப் பலகைகள் பதித்திருக்குமாம். ஒவ்வொன்றிலும் நன்றி என்ற ஒரே சொல். போரில் ஜேர்மனியரிடம் கைதியாகப் போன அப்பா திரும்பி வந்ததற்காக அம்மா பதித்த பலகையும் அதில் ஒன்றாம். "அம்மா வேண்டிக்கொண்ட மாதாவின் சிலை மோசமானது, பூச்சுச் சாந்து. தொழிற்சாலையில் செய்தது" என்றார். முப்பது வருஷமாகத் தேவாலயத்துக்குள் அளவுநாடாவோடு மட்டுமே போனவர் அவர்.

ஃபாதர் தொண்டையைச் செருமினார். "அப்படியென்றால் இந்தப் பெண் உண்மையானவள் இல்லையா?"

"இல்லை" என்றார் மதாம். "படத்துக்கு இவள் சொந்தமில்லை. ஆனால் இவள் இப்போது வேலையில் இருக்கிறாள். வேலையில் இருக்கும் ஒருவரை நான் அனுப்ப முடியாது." என்னைப் பார்த்து, "அதை அவருக்குச் சொல்லு" என்றார்.

சொன்னேன். ஜெசிந்தா அக்கா யோசித்தார். "அப்ப வேலை முடிஞ்சால் அனுப்புவினமோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்த்தேன். மதாம் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைப் பக்கம் நடந்தார்.

அன்றைக்கு ரோல்ஸை எல்லோரும் சாப்பாட்டு அறையில் சாப்பிட்டோம். மேசைவிரிப்பு விரித்திருந்தது. ஜெசிந்தா அக்கா சுவரோரமாக நின்று தின்றார். சிறிது நேரத்தில் மதாம் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. "இன்னும் ஒண்டு எடுக்கச் சொல்லுங்கோ தம்பி, மெலிஞ்சு போயிருக்கிறா" என்றார் அக்கா. மதாம் மொத்தம் மூன்று தின்றார். ஃபாதரும் நானும் உட்கார்ந்திருப்பதா எழும்புவதா என்று தெரியாமல் கதிரைகளின் நுனியில் இருந்தோம்.

நான் திறந்த சதுரத்தை நானே மூடினேன். தேன் நிறச் சுவரை மறைத்துப் பாவாடையின் மண்போன்ற கபில நிறத்தைத் தீட்டினேன். இரசாயனத்தில் உண்மை என்று நிரூபித்ததை என் கையாலேயே மறைக்கிறேன். காலடியில் இருந்த எண்ணெயைத் துடைத்தேன். மறுபடி தொடுவார்கள் என்று தெரியும், ஆகையால் அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் ஒரு பூச்சு அதிகம். உயிர்ப்பு ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னதாகவே படம் போய்விட்டது.

இது சரியா? சில வருஷம் கழித்து பிரான்ஸிலிருந்து ஓர் அறிஞர் வந்தார். அந்தக் காலத்து ஓவியங்களை நன்றாக அறிந்தவர். தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். படத்தின் முன் ஐந்து நிமிஷம் நின்றார். "பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் யாரோ தும்மியது போல இருக்கிறது இந்தப் பெண்" என்றார். அந்த ஓவியன் வெறும் சுவரை வைத்தே மௌனத்தைக் காட்டியிருக்கிறான், அந்த மௌனத்தை நீங்கள் அடைத்துவிட்டீர்கள் என்றார். அந்த மௌனத்தின் ஒரு தபால்தலை அளவை நான் பார்த்தவன். அவர் சொன்னது சரி. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கிழவர் வந்து, "எக்ஸ்கியூஸ் மீ" என்று எங்களை விலக்கி, காலடியைத் தொட்டுவிட்டுப் போனார். அதுவும் என் கண் முன்னால்தான் நடந்தது. இரண்டையும் எந்தத் தராசில் போடுவது என்று அன்றும் தெரியவில்லை.

மதாம் இப்போது இல்லை. புது ஃபாதருக்கு எதுவும் தெரிந்திருக்காது. பழைய குடும்பங்களில் பல இடம் மாறிவிட்டன. ஆகவே துஷா, நீ அழைத்த அடுத்த நாள் நான் ஜெசிந்தா அக்காவைத் தேடத் தொடங்கினேன். சிட்னியில், நார்த்மீட்டில் நாலு பேரைக் கேட்டு, ஐந்தாவது ஆளிடம் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. அக்கா மெல்பேர்னில், டார்னெய்ட்டில், மகளோடு இருக்கிறார். ஓம், மகள் வந்துவிட்டாள். வந்து பத்து வருஷமாம். அக்கா முதல் நாளே கதிரையில் இருந்து சோறு சாப்பிட்டாராம்.

போனை எடுத்தது மகள்தான். படத்தைப் பற்றிச் சொன்னேன். "ஸொரி அங்கிள், அம்மா அப்பிடி ஒண்டும் சொன்னதில்லையே" என்றாள். பிறகு அக்கா வந்தார். ஆளை அடையாளம் பிடிக்க நேரம் எடுத்தது. "ஓ, கோண்டாவில் தம்பி!" என்றார். முழங்கால், இரத்த அழுத்தம், பேரப்பிள்ளைகள் மூன்று என்று எல்லாம் சொன்னார். நான் விஷயத்துக்கு வந்தேன்.

"அக்கா, குசினியம்மாவை எடுக்கப் போகினம். நீங்கள் அண்டைக்குச் சொல்லிப்போட்டுக் கழுவச் சொன்னனீங்கள். அதுதான் போன் எடுத்தனான்."

அவர் பக்கத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமோ அதை நிறுத்தச் சொன்னார்.

"என்ர அலுவல் முடிஞ்சுது தம்பி. நான் வந்து நன்றி சொல்லி, மெழுகுதிரியும் கொளுத்திப்போட்டுத்தான் மெல்பேர்னுக்கு வந்தனான். எனக்கு இனி அவவில ஒரு பிடியும் இல்லை."

"அப்ப எடுக்கலாமோ?"

"என்னைக் கேட்டு என்ன? எனக்குப் பிறகு ஆரும் நேர்த்தி வைச்சிருப்பினம். வன்னியில சண்டை முடிஞ்ச இந்த வருசம், தம்பி, எங்கட சனத்தில ஒண்டும் கேக்கிறதுக்கு இல்லாமல் ஆர் இருக்கினம்? போய் விசாரியுங்கோ. அவையளின்ர பிள்ளையள் வந்திட்டினமோ எண்டு விசாரிச்சுப்போட்டுக் கழுவுங்கோ."

இதை நீங்கள் எந்த அறிக்கையில், எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஞாயிறு பத்து மணிப் பூசை முடியும் நேரம் அந்தத் தேவாலயத்துக்குப் போங்கள். மூன்று பேரும் போங்கள், ஒருவர் போனால் ஒரு பக்கம்தான் கேட்கும். வேலை தொடங்கும் தேதியைப் புது ஃபாதரிடம் சொல்லித் தள்ளிப்போடுங்கள். அங்கே ஒருவராவது "இன்னும் வரயில்லை" என்று சொன்னால், அந்தப் பெண்ணை நிற்க விடுங்கள். ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை என்றால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்க வேண்டாம். அதை நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.